போக ஒரு மணி, வர இரண்டு மணியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இதழில் வந்த மாலைதீவுப் பயணக் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "கட்டுநாயக்கவிலிருந்து மாலே போக ஒரு மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம், எதிர்க்காற்றே காரணம்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பாவம் காற்று, அதற்கு இதில் வேலையே இல்லை.

நான் வெள்ளவத்தையில் விமான ரிக்கட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ரிக்கட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். மாலைதீவுக் கடிகாரம் எங்கள் இலங்கைக் கடிகாரத்தை விட அரை மணி பின்னால் ஓடுகிறது. பகல் 2 மணிக்கு இங்கே கிளம்பினால், ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கும்போது அங்கே 3 மணி. அங்கே 4 மணிக்கு ஏறினால் இங்கே 6 மணி. போனாலும் வந்தாலும் ஒன்றரை மணிதான். இவ்வளவு குறுகிய பாதையில் காற்று கூட்டுவதும் குறைப்பதும் சில நிமிடங்களே.

இந்தப் பிழை கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 775 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வகுத்துப் பார்த்தால் ஒரு மணிக்குக் கிட்டத்தான் வரும், கணக்கும் சரி போலத் தெரியும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்காக வேகத்தைக் குறைப்பது, இறங்கிய பிறகு நிறுத்துமிடம் வருவது எல்லாம் அட்டவணை நேரத்துக்குள் அடக்கம்.

1996 கடைசியிலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் இப்போதையதை விட அரை மணி முன்னால் இருந்தது. இதே ஒன்றரை மணிப் பயணம் அப்போது ரிக்கட்டில் போக அரை மணி, வர இரண்டரை மணி என்று தெரிந்திருக்கும். அதற்கு எந்தக் காற்றைச் சொல்வாரோ!

சின்ன விஷயம்தானே என்று விட முடியவில்லை. மாலேயில் இறங்கி தூரத்துத் தீவுகளுக்குப் போகிறவர்கள் கடல் விமானம் பிடிக்க வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிந்தினால் இரவு மாலேயில்தான், அறை வாடகை வேறு. கல்யாணம் முடிந்த கையோடு போகும் சோடிகள் ரிக்கட்டை மேசையில் விரித்து, விரல் விட்டு எண்ணுவதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் ஒரு மணியை நம்பி, நேர வித்தியாசத்தையும் கழித்தால் 2.30க்கே இறங்கிவிடலாம் என்று வரும். விமானம் இறங்குவதோ 3 மணிக்கு. போதாக்குறைக்கு, சில உல்லாச விடுதிகள் மாலே நேரத்தை விட ஒரு மணி முன்னால் தங்கள் கடிகாரத்தை வைத்திருக்கின்றன.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இனிப் பயணக் குறிப்புகளில் பறக்கும் நேரத்தைத் தனியாகவும், புறப்படும், சேரும் நேரங்களை ஊர் பெயரோடும் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை