கல்பாசியில் சாயம் இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கடைக்குப் போன் செய்தார்கள். "கழுவிப் போடலாம்னு கல்பாசியத் தண்ணியில போட்டேன் தம்பி. சாம்பலா இருந்தது பச்சைப்பசேல்னு ஆயிடுச்சு. எத்தனை வருஷப் பழக்கம், நீங்களும் சாயம் போட ஆரம்பிச்சிட்டீகளா?" என்றார்கள். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அதே வாரம் இன்னொருவர் பாக்கெட்டைத் திருப்பியே கொண்டுவந்துவிட்டார். உள்ளே மரப்பட்டைத் துண்டுகள் கிடந்தனவாம். "பட்டைக்குத் தனியாகக் காசு கொடுத்திருக்கிறேன், இந்தப் பட்டை எதற்கு?" என்று கேட்டார். மூன்றாவது புகார் வாட்ஸப்பில் படத்தோடு வந்தது: இதழ்களின் ஓரத்தில் வெள்ளை மாவு, பூசணம் பிடித்த சரக்கை அனுப்பிவிட்டீர்கள் என்று.

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் தப்பு எங்கள் பக்கம்தான். மிளகு எந்தக் கொடியில் காய்க்கிறது, ஏலக்காய் எங்கே விளைகிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். குழம்புக்குத் தாளிக்கும் இந்தக் கல்பாசி என்ன பொருள் என்று இத்தனை வருடத்தில் நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை. பாக்கெட்டின் அளவையும் இந்த மாதம் முதல் மாற்றுகிறோம். அதற்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் பெயரைப் பற்றி. கல்லும் பாசியும் சேர்ந்து வரும் இந்தப் பெயரில் இரண்டுமே பாதி உண்மைதான். கன்னடத்தில் கல்லு ஹூவு, மராத்தியில் தகட் பூல், இந்தியில் பத்தர் கே பூல். எல்லாமே 'கல் பூ' என்றுதான் பொருள்படும். வடமொழி மருத்துவ நூல்கள் சைலேயம் என்கின்றன, அதுவும் கல்லை வைத்து வந்த பெயர்தான். ஆனால் சந்தைக்கு வரும் சரக்கில் பெரும்பங்கு மரப்பட்டையிலிருந்து எடுத்தது. இது பூவும் இல்லை, செடியும் இல்லை. பள்ளிப் பாடத்தில் லைக்கன் என்று படித்திருப்பீர்களே, அதில் ஒரு வகை. பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்பது அறிவியல் பெயர், பழைய புத்தகங்களில் பார்மீலியா பெர்லேட்டா என்று இருக்கும். (கடற்பாசி வேறு. நோன்பு நாட்களில் பால் சேர்த்துக் காய்ச்சி உறைய வைப்பது அது. ஆன்லைனில் மாற்றி வாங்கிவிட்டு, குழம்பு ஏன் கொழகொழவென்று ஆனது என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு.)

லைக்கன் என்பது ஒற்றை உயிர் அல்ல. ஒரு பூஞ்சையும் நுண்ணிய பச்சைப் பாசியும் கூட்டு வைத்து நடத்தும் குடித்தனம். வீடு கட்டுவது, ஈரத்தைப் பிடித்து வைப்பது, வெயிலை மறைப்பது பூஞ்சையின் வேலை. பாசி வெயிலில் சமைத்துச் சர்க்கரையைக் கொடுக்கும். இதை 1860-களின் கடைசியில் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அந்தத் துறைப் பெரியவர்களே ஏற்கவில்லை. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் நைலாண்டர். அவர் பெயர் இந்த மடலில் இன்னொரு இடத்திலும் வரும். இரண்டு பேர் குடித்தனம் என்பதும் முழுக் கணக்கில்லை போலிருக்கிறது. பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருப்பதை 2016-இல் கண்டுபிடித்தார்கள்.

இப்போது ஆச்சியின் சாயத்துக்கு வருவோம். காய்ந்த கல்பாசியின் மேல்தோல் வெளிச்சத்தை உள்ளே விடாமல் சிதறடிக்கும், அதனால் சாம்பல் நிறம். நனைந்ததும் அந்தத் தோல் கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் படுத்திருக்கும் பாசியின் பச்சை தெரிந்துவிடுகிறது. சாயமாக இருந்தால் தண்ணீர் பச்சையாகி, இதழ் வெளுக்க வேண்டும். இங்கே நடப்பது நேர்மாறு. சொல்லப்போனால் அந்தப் பச்சை நல்ல அடையாளம். வருடக்கணக்காக மூட்டையில் கிடந்த சரக்கை நனைத்தால் இந்தப் பச்சை வராது, பழுப்பாகச் சோர்ந்து கிடக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் ஒரு இதழை நனைத்துப் பாருங்கள். எங்கள் சரக்கையும் அப்படியே சோதியுங்கள்.

ஓரத்து வெள்ளை மாவும் பூசணமில்லை. அதுதான் கல்பாசியின் விதை, அதாவது விதைக்குப் பதிலாக அது வைத்திருப்பது. பூஞ்சை இழை சுற்றிய சில பாசி செல்கள் ஒரு பொடியாகத் திரண்டு ஓரத்தில் நிற்கும். காற்றோ மழைத்துளியோ பூச்சியின் காலோ அதைக் கொண்டுபோய் அடுத்த கிளையில் சேர்த்தால், கூட்டாளிகள் இருவரும் சேர்ந்தே புதுக்குடித்தனம் தொடங்குவார்கள். உண்மையான பூசணம் பஞ்சு மாதிரி இதழ் முழுக்கப் படரும், மூக்கில் வைத்தால் ஈரச் சாக்கு வாடை அடிக்கும். அப்படி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

பட்டை விஷயம் கொஞ்சம் பெரியது. கல்பாசியின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும், நடுவில் குட்டை மயிர் போன்ற பிடிமானங்கள் உண்டு. அவை வேர் இல்லை. பட்டையின் மேல்தோலைப் பற்றிக்கொள்வதோடு சரி, மரத்தின் சாறை உறிஞ்சாது. எங்கள் வாடிக்கையாளர்களில் மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலர், மரத்தை இது தின்றுவிடும் என்று சுரண்டி எறிகிறார்கள். வேண்டாம். பட்டுப்போன கிளையில் இது நிறைய இருப்பதற்குக் காரணம், இலை உதிர்ந்த கிளையில் வெளிச்சம் விழுவதுதான். கிளை பட்டுப்போனதற்குக் காரணம் கல்பாசி அல்ல.

வேர் இல்லாததால் தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் உடம்பு முழுவதாலும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நல்லதை மட்டும் எடுத்துக் கெட்டதை விட்டுவிட அதற்குத் தெரியாது. நைலாண்டர் 1866-இல் பாரிஸில் கவனித்தது இதைத்தான். லக்சம்பர்க் பூங்கா மரங்களில் இருந்த லைக்கன்கள் நகரத்தின் மற்ற இடங்களில் இல்லை. ஊர்க்காற்று கெட்டதற்கு மரப்பட்டையே சாட்சி என்றார். (காற்றை இவ்வளவு நன்றாகப் படித்த மனிதர் கூட்டுக் குடித்தனத்தை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.) பிறகு 1970-இல் இங்கிலாந்தின் லைக்கன் ஆய்வாளர்கள் ஹாக்ஸ்வொர்த்தும் ரோஸும், எந்த லைக்கன் பட்டையில் நிற்கிறது என்பதைப் பார்த்தே காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடை மதிப்பிட ஓர் அளவுகோலே வகுத்தார்கள். புகையோடு வரும் ஈயம் போன்ற உலோகங்களும் லைக்கன் உடம்பில் தங்கிவிடும். அதனால்தான் சரக்கு எந்தப் பக்கத்துக் காட்டில் எடுத்தது, சாலையோரமா உள்காடா என்று நாங்கள் தரகரை நச்சரிப்பது. அவருக்கு இது பெரிய தொல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்களுக்கு இரண்டு வழியில் சரக்கு வருகிறது. ஒன்று கொடைக்கானல் பக்கத்து மலையிலிருந்து. இன்னொன்று உத்தராகண்ட் காடுகளில் ஓக் மரங்களிலும் மற்ற மரங்களிலும் எடுத்து, டெல்லி காரி பாவ்லி சந்தை வழியாக வருவது. வடக்குச் சரக்கில் கல்பாசியின் உறவுக்காரர்களும் கலந்திருப்பார்கள். குறுகலாக, வாய்க்கால் மாதிரி மடிந்து, ஓரத்தில் நீளக் கறுப்பு முடியோடு இருந்தால் அது எவர்னியாஸ்ட்ரம் வகை. அங்கே காலங்காலமாக இவை கலந்தேதான் விற்கப்படுகின்றன, அதைக் கலப்படம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நம் செட்டிநாட்டுச் சமையலில் தேடும் அந்த மண்வாசம் அகல இதழில்தான் தூக்கலாக இருக்கிறது என்பது எங்கள் மூக்கின் தீர்ப்பு. ஆகவே பொறுக்கித் தனியாகப் போடுகிறோம். குறுகலானது அரைத்த மசாலாவுக்குப் போகும்.

எடுக்கிற முறையில்தான் பட்டை வருவதும் வராததும் இருக்கிறது. காலைப் பனியில் நனைந்திருக்கும்போது கல்பாசி தோல் மாதிரி மெத்தென்று இருக்கும், விரலால் நெம்பினால் முழுசாக உரிந்துவரும். உச்சிவெயிலில் அதுவே அப்பளம். அப்போது கத்தி வைத்துச் சீவினால் பட்டையும் சேர்ந்து வரும், மரத்துக்கும் காயம். காற்றில் விழுந்த கிளைகளிலிருந்து எடுப்பது எல்லாவற்றிலும் நல்லது, காட்டில் நிற்பதைத் தொடவே வேண்டாம். ஆக, பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு பொடிப் பட்டை வருவது இயல்பு. விரல் நீளப் பட்டை வந்தால் யாரோ அவசரத்தில் சீவியிருக்கிறார்கள். அந்த வாடிக்கையாளர் கொண்டுவந்ததில் இரண்டாவது ரகம்தான் இருந்தது. எங்கள் முறத்தில் தப்பியது எங்கள் பிழை. அந்த மூட்டையில் மீதி இருந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏன் நீங்களே வளர்க்கக் கூடாது? மாடியில் வைக்க விதை கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் முயன்று பார்த்தவர்கள்தான். சில வருடங்களுக்கு முன் கொடைக்கானலில் விழுந்த கிளை ஒன்றைக் கல்பாசியோடு கொண்டுவந்து, கடைப் பின்கட்டு வேப்பமரத்தில் நிழல் பார்த்துக் கட்டினோம். செல்லப்பிள்ளை மாதிரி காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். சில வாரங்களில் நடுவில் பழுத்து, ஓரம் வெளுத்து, செத்துப்போனது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றியதுதான் எங்கள் கெட்டிக்காரத்தனம்.

பிறகுதான் புரிந்தது. காய்ந்திருக்கும்போது லைக்கன் தூங்குகிறது, வரவும் இல்லை செலவும் இல்லை. நனைந்தால் விழித்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் ஈரம் இருந்தால் வரவு. இரவில் ஈரம் இருந்தால் வெறும் செலவு, வெக்கை இருந்தால் செலவு பல மடங்கு. மலையில் இரவு குளிர்ந்திருப்பதால் செலவு குறைவு. விடிகாலைப் பனியில் நனைந்து இளவெயிலில் சம்பாதித்து, பத்துப் பதினொரு மணிக்குக் காய்ந்து கடையைக் கட்டிவிடும். காரைக்குடி இரவில் நாங்கள் மாலைதோறும் தண்ணீர் தெளித்து அதன் கைமுதலைத் தின்ன வைத்திருக்கிறோம். நம்மூர்த் தென்னை மரத்தில் சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதில் பெரும்பாலும் லைக்கன்தான். ஆனால் அது உரிக்க முடியாத ஒட்டு ரகம், இந்தச் சூட்டுக்குப் பழகியது.

மலையில் இருப்பவர்கள் ஆசைக்கு முயலலாம். விழுந்த கிளையில் கிடைத்த துண்டை, அது வளர்ந்த மரத்தைப் போன்ற சொரசொரப்பான பட்டையில், காலை வெயில் படும் பக்கமாக நூல்வலையால் மெல்லக் கட்டிவிட்டு மறந்துவிட வேண்டும். தெளிப்பதானால் காலையில் மட்டும், மழைத்தண்ணீர். குளோரின் போட்ட குழாய்த்தண்ணீரும் உரமும் ஆகாது. பிடித்துக்கொண்டாலும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் விரியும். உள்ளங்கை அகல இதழ் ஒன்று பத்து வயதைத் தாண்டியதாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையைத் தனியே வளர்த்தால் அது உருவமில்லாத கட்டியாக நிற்கிறதே தவிர இதழாக விரிவதில்லை. கூட்டாளியோடு சேர்ந்தால்தான் அந்த வடிவம். இலாபத்துக்குப் பயிர் செய்யும் கணக்கு இதில் வராது. எனவே யாராவது 'தோட்டத்தில் விளைந்த ஆர்கானிக் கல்பாசி' என்று விற்றால் எந்தத் தோட்டம் என்று கேளுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள், போய்ப் பார்க்க ஆசை.

இப்போது பாக்கெட். 50 கிராம் பாக்கெட்டை நிறுத்திவிட்டு 25 கிராம் மட்டும் போடுகிறோம். ஒரு கிலோ கோழிக் குழம்புக்கு இரண்டு மூன்று இதழ் போதும், கூடினால் கசக்கும். 50 கிராம் வாங்கியவர்கள் பாதியை வாசம் போனபின் குப்பையில் கொட்டியதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பத்து வருடம் வளர்ந்ததைக் கொட்டுவது எங்களுக்கு உறுத்துகிறது. கிராமுக்கான விலை ஏறவில்லை. கல்யாணச் சமையலுக்கு மொத்தமாக வேண்டுபவர்கள் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

பச்சையாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் வராது, பழைய சரக்கோ என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவோடு போட்டு அரை நிமிடம் வறுத்தால்தான் அது வாயைத் திறக்கும். கருகவிட்டால் குழம்பே புகையும். கழுவுவதானால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு அலசு அலசிப் பிழிந்து உடனே போடுங்கள். மிச்சத்தைக் காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

சென்ற இரண்டு மாதங்களில் வாங்கிய பாக்கெட்டில் நீளப் பட்டை இருந்தால், பிரித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். வெளியூர்க்காரர்கள் படம் அனுப்பினால் போதும், புதுப் பாக்கெட் கூரியரில் வரும். தேவகோட்டை ஆச்சி இரண்டு பாக்கெட் சொல்லியிருக்கிறார்கள். "நனைச்சுப் பாத்துத்தான் காசு" என்பது நிபந்தனை.

அன்புடன்,
கடையிலிருந்து,
காரைக்குடி