துவைத்த துணி

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கைக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. தேவி உண்டாகியிருக்கிறாள் என்று படித்த அன்றே மேரிக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் உன் தலையைத்தான் உருட்டினோம். "சரசு பாட்டியா? குடைக்காரிக்குப் பேரப்பிள்ளையா?" என்று கத்தினாள். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லையாம். இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் அடங்கவில்லை.

டாலஸுக்குக் கொண்டுபோகப் பழம்புடவையில் பிள்ளைப் போர்வை எப்படித் தைப்பது என்று கேட்டிருந்தாய். பத்து வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் போர்வை என்று எழுத உட்கார்ந்தாலே எங்கள் வீட்டில் நடந்தது முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொன்னால் இன்னொன்றையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

முதலில் தையலைச் சொல்லிவிடுகிறேன். பருத்திப் புடவையாக எடு. பல வருஷம் உடுத்தித் துவைத்து மெத்தென்று ஆகியிருக்க வேண்டும், ஆனால் இழுத்தால் கிழியக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் தெரிந்துவிடும். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடு, பிள்ளைக்குக் குத்தும். மேலே புடவை, கீழே புடவை, நடுவில் அண்ணனுடைய பழைய வேட்டி இரண்டு மடிப்பு. மொத்தம் நாலு அடுக்கு, இரண்டு முழச் சதுரம். பஞ்சு வைக்காதே, சீக்கிரம் காயாது. துணி நகராமல் இருக்க முதலில் பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்திக்கொள். பிறகு நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு ஓட்டுத் தையல். வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி போதும். பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். இன்னொன்று, ஒரு வயது முடியும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை, தலையணை எதுவும் கூடாது என்று அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். துணி முகத்தில் ஏறினால் தள்ளிவிடத் தெரியாத வயசு. அதனால் தேவி வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. முழித்திருக்கும்போது கீழே விரித்துப் போடு, மடியில் வைத்துச் சுற்று. அதிலேயே பிள்ளைக்குத் துணி பழகிவிடும்.

இப்படித்தான் என் பேத்தி யாழினிக்கும் பழகியது. அம்மாவின் மெரூன் சுங்குடி உனக்கு ஞாபகம் இருக்கும், நீ வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அதைத்தான் கட்டியிருப்பாள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய நிஜச் சுங்குடி. அதில் பாதியை எடுத்துத்தான் அவளுக்குத் தைத்தேன். ஆறாம் மாதம் கவிதா வேலைக்குத் திரும்பினாள். அந்த வாரத்தில்தான் யாழினி அந்தப் போர்வையைப் பிடித்தாள். பேச்சு வந்ததும் அதற்கு 'புப்பு' என்று பெயரும் அவளே வைத்தாள். தூக்கம் வந்தால் ஒரு மூலையைத் தேடுவாள். நாலு மூலையில் ஒன்றில் மட்டும் நான் முடிச்சைச் சரியாக உள்ளே இழுக்காமல் விட்டிருக்கிறேன், கடுகு அளவுக்குப் புடைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டே மற்ற மூன்றையும் தள்ளிவிட்டு அதைக் கண்டுபிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டியபடி மேலுதட்டில் வைத்துக்கொள்வாள். இரண்டு நிமிஷம்தான், தூங்கிவிடுவாள்.

போன மாதம் பள்ளியில் சேர்த்தோம். மூன்றரை வயது. அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது, இந்தப் பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கவிதா பயந்துபோய்ப் புப்புவைப் பரண்மேல் தூக்கிப் போட்டாள். நானும் சரி என்றுதான் சொன்னேன். பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுவதில்லையா, நாலு நாள் அழுதால் மறந்துவிடும் என்று நானே வியாக்கியானம் கொடுத்தேன்.

நாலு நாள் அழவில்லை, சரசு. அழுதிருந்தால் தேவலை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ராத்திரி வெறும் விரலை உருட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டு சோறு இறங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பீரோவில் இருந்த மீதிச் சுங்குடியை எடுத்து ராத்திரியோடு ராத்திரியாக அதே அளவில், அதே மாதிரி இன்னொன்று தைத்தேன். முடிச்சைக்கூட வேண்டுமென்றே வெளியே விட்டேன். காலையில் வாங்கிப் பார்த்தாள், மூலையைத் தொட்டாள், பொம்மைக்குப் போர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம்தான் பரணில் ஏறச் சொல்லிப் பழையதையே இறக்கினோம். ஒட்டடையும் தூசியுமாக இருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளை கையில் இதை எப்படிக் கொடுப்பது என்று வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசி, மொட்டைமாடியில் காயவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசையாகத்தான் வாங்கினாள். முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை, வீசி எறியவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி கவிதா தூங்காமல் போனில் தேடித் தேடிப் படித்து எனக்குச் சொன்னாள். லண்டனில் டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வும் செய்தவர், 1951-லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்திருக்கிறார். அம்மா வேறு, தான் வேறு என்று பிள்ளைக்குப் புரிய ஆரம்பிக்கும்போது நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டியிருக்கிறது, அதுதான் இந்தத் துணியும் பொம்மையும் என்கிறார். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குச் சுருக்கென்று குத்தியது. அது அழுக்கானாலும் நாற்றம் அடித்தாலும் தாய் விட்டுவைப்பாளாம். துவைத்தால் பிள்ளையின் அனுபவத்தில் ஒரு அறுப்பு விழும் என்று அவளுக்குத் தெரியுமாம்.

புதிதாகத் தைத்தது ஏன் பிடிக்கவில்லை என்பதற்கும் ஒன்று படித்தாள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு. எந்தப் பொருளையும் அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும் இயந்திரம் என்று குழந்தைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள். சில குழந்தைகள் தங்கள் துணியையோ பொம்மையையோ அதற்குள் வைக்கவே விடவில்லை. வைக்க விட்டவர்களிலும் பெரும்பாலோர் பழையதையே திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். எத்தனையோ வருஷமாகப் புடவை கிழித்துத் துணி தைக்கிற எனக்கு இது தெரியவில்லையே என்றிருந்தது. நம் பிள்ளைகள் நம்மோடு பாயில் படுத்து முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கியதால், தனியாக ஒரு துணி அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். கொரியக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட 1976 ஆய்வு ஒன்றிலும், அம்மாவோடு படுத்துத் தூங்கும் கொரியக் குழந்தைகளுக்கு இந்தப் பிடிப்பு குறைவாகவே இருந்ததாம்.

சரி, இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். யாழினி சுவர்ப் பக்கம் திரும்பினாளே, அந்த முதுகை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டை ஹாஸ்டல், 1979. உன்னுடைய வாடாமல்லித் தலையணை உறை. அதில் எண்ணெய்ச் சிக்கு ஏறியிருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் உன்னைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து யாரோ அதைத் துவைத்து, நீலம் போட்டு, கொடியில் காயப்போட்டிருந்தார்கள். ஆயாதான் துவைத்தாள் என்று உன்னிடம் சொன்னது நான். துவைத்ததும் நான்தான்.

உன் அம்மா போய் அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. அந்த உறை அவள் புடவையில் தைத்தது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் துவைத்தேன், சுத்தமாக இருந்தால் உனக்கும் நல்லது என்று நினைத்தேன். நீ வந்து, எடுத்து, முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். ஒரு துணிக்கா இப்படி என்று நானும் மேரியும் வெளியே போய்ச் சிரித்தோம். மேரிக்குத் துவைத்தது யார் என்று தெரியாது, அவளைத் திட்டாதே. அந்த ஆயாவிடம் நீ ஒரு மாதம் பேசவில்லை. அவள் உனக்குப் பயந்து எனக்கு முதலில் சாப்பாடு வைப்பாள், நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இத்தனை வருஷத்தில் இதைச் சொல்ல எத்தனையோ சமயம் இருந்தது. சின்ன விஷயம்தானே, அவள் மறந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். நான் மறக்கவில்லை என்றால் நீ மட்டும் எப்படி மறந்திருப்பாய்? என்னை மன்னித்துவிடு, சரசு.

யாழினிக்குப் புப்பு மறுபடி புப்புவாகப் பத்து நாள் ஆனது. கவிதா அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு சமைத்தாள், ராத்திரி மூன்று பேருக்கும் நடுவில் கிடந்தது. ஒருநாள் பார்த்தால் மூலை உதட்டுக்குப் போயிருக்கிறது. கவிதா பள்ளியில் பேசிவிட்டாள், பைக்குள்ளேயே இருக்கும், மத்தியானம் படுக்கும்போது மட்டும் வெளியே வரும். எத்தனை வயது வரை என்று யாரும் கேட்டால் அவளாக விடும்வரை என்று சொல்லப்போகிறேன்.

தேவியின் பிள்ளைக்கு என் அம்மாவின் சுங்குடியைத் தரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம், உன் புடவையிலேயே தை. தைத்து முடித்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் கிளம்பும்வரை நீயே போர்த்திக்கொண்டு படு. ஓட்டுத் தையல் கோணினால் இங்கே கொண்டு வா, பிரித்துப் போட்டுத் தருகிறேன்.

அந்த வாடாமல்லி உறை அப்புறம் என்ன ஆயிற்று என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை. எழுது. போன் பண்ணாதே, எனக்குப் பேச வராது.

அன்புடன்,
மீனா