ஞாயிறு பள்ளிக்கு அப்பால்

சிங்கப்பூர்

அன்புள்ள தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் பேரனின் ஞானஸ்நானச் செய்தி படித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் சுகம். மகனுடைய மூத்தவள் இந்த வருஷம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறாள். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

சபையில் ஞாயிறு பள்ளி எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பிள்ளைகள் நன்றாகவே வருகிறார்கள். என் பாரமெல்லாம் பெற்றோரைக் குறித்துத்தான். கணக்குக்கு ஒரு டியூஷன், தமிழுக்கு ஒரு டியூஷன் என்பதுபோல விசுவாசத்தையும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களான எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். 1780களில் ராபர்ட் ரெய்க்ஸ் இங்கிலாந்தில் ஞாயிறு பள்ளிகளைப் பரப்பியது, வாரமெல்லாம் வேலை செய்து எழுத்தறியாமல் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. பெற்றோரின் இடத்தைப் பிடிக்க அல்ல. அதற்கு வெகுகாலம் முன்பு, 1529-ல், சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தர், விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுத்தரும் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோதும் குடும்பத்தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்கட்டும் என்றுதான் எழுதினார்.

இவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். பயம்தான். "ஆன்ட்டி, எனக்கே வேதம் சரியாத் தெரியாது, பிள்ளை ஏதாவது கேட்டுட்டா என்ன சொல்றது?" என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்.

அப்படி ஒரு கேள்வி வந்தது. தாத்தாவுக்காக தினமும் ஜெபம் பண்ணினோமே, ஏன் இறந்துபோனார் என்று ஒரு சிறுமி தாயிடம் கேட்டாள். தாய் அவளை நேராக என்னிடம் கூட்டிவந்தாள். நான் பதில் சொல்லவில்லை. தாயைத் தனியே அழைத்து, தம் சிநேகிதன் லாசரு இறந்தபோது இயேசு கண்ணீர் விட்டதை வாசித்துக் காட்டி, "நீயே அவளிடம் பேசும்மா, தெரியாததைத் தெரியாது என்றே சொல்லு" என்றேன். அன்று இரவு தானும் இதையே ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருப்பதாக மகளிடம் சொல்லி அழுதாளாம். பிறகு இருவரும் சேர்ந்து ஜெபித்தார்களாம். அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைத்ததை என் வகுப்பு எத்தனை வருஷமானாலும் கொடுக்க முடியாது.

அப்புறம், நேரம். நம் வீடுகளில் விளக்கேற்றியதும் பாய் விரித்து நடந்த குடும்ப ஜெபம் இங்கே பலருக்கு முடியாது. அப்பா அம்மா வேலை முடிந்து வீடு சேர எட்டு மணி ஆகிவிடும். ஆனால் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் உபாகமம் ஆறாம் அதிகாரம் வீட்டில் உட்காரும்போது மட்டும் என்று சொல்லவில்லையே. வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் என்கிறது. ஊட்லண்ட்ஸிலிருந்து எம்ஆர்டி ரயிலில் சபைக்கு வரும் ஒரு குடும்பம், திரும்பும் பயணத்தில் அன்றைய பாடத்தைப் பேசிக்கொண்டு போகிறது. தகப்பன் அந்த வாரம் வேலையிடத்தில் எதற்காக ஜெபித்தார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்கிறார். இது போதும் என்பேன்.

இப்போது மாதம் ஒருமுறை பெற்றோரும் வகுப்பில் உட்காருகிறார்கள். வாரம் ஒரு வேதபகுதியும் பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வியும் எழுதிக் கொடுக்கிறோம், தமிழிலும் ஆங்கிலத்திலும். பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஜெபிப்பது பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனம் திறந்து ஜெபித்தால் சரி.

பாட்டிகளான நமக்கும் இதில் ஒரு சோதனை உண்டு. பேத்தியோடு நானே ஜெபித்துவிடலாம், எனக்கும் அது ஆசைதான். வேதத்தில் தீமோத்தேயுவுக்குப் பாட்டி லோவிசாள் இருந்ததுபோல நாமும் இருக்கவேண்டியதுதான். ஆனால் அங்கே தாய் ஐனிக்கேயாளும் இருந்தாளே. அதனால் படுக்கும் முன் ஜெபிப்பதை மகனிடமே விட்டிருக்கிறேன். முதலில் கூச்சப்பட்டான். இப்போது பேத்தியே "அப்பா, ப்ரே பண்ணலாம்" என்று கூப்பிடுகிறாள்.

எங்கள் பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மார்தான் அதிகம் வருகிறார்கள். உங்கள் சபையில் தகப்பன்மாரை எப்படி வரவைக்கிறீர்கள்? அதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி