லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 50 எம்எம் லென்ஸில் இடது ஓரம் மங்குகிறது, கேமராவோடு வந்த 18-55 ஜூம் லென்ஸே தேவலை என்று எழுதி இரண்டு படங்களை அனுப்பியிருந்தாய். ஒன்று லென்ஸின் துளை அகலத் திறந்திருக்கும் எஃப் 1.8-இல் எடுத்தது, மற்றது துளை சிறுத்த எஃப் 5.6-இல் எடுத்தது, இரண்டுமே கையில் பிடித்து எடுத்தவை. இவற்றை வைத்து எந்த லென்ஸுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒப்பிடுவதென்றால் இரண்டையும் எஃப் 5.6-இலும் எஃப் 8-இலும் வைத்து எடு; 50 எம்எம் லென்ஸில் மட்டும் எஃப் 1.8-இலும் ஒன்று எடு.

வரி விளம்பரப் பக்கங்களாகப் பார்த்து நான்கு செய்தித்தாள்களைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டி, இரண்டரை மீட்டர் தள்ளி முக்காலியை நிறுத்து. கேமரா சுவருக்கு நேராக நிற்பதுதான் இதில் பெரிய வேலை. சற்றே கோணலானாலும் ஒரு பக்கம் ஃபோகஸை விட்டு விலகிவிடும், பழி லென்ஸின் மேல் விழும். லென்ஸின் உயரத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடியைச் சுவரோடு ஒட்ட வைத்து, அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவுக்கு வரும்வரை கேமராவைத் திருப்பிச் சரிசெய். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, ஒளியுணர்வை (ஐஎஸ்ஓ) 100-இல் வைத்து, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரை அணைத்து, திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கிக் கையாலேயே ஃபோகஸ் செய்து, இரண்டு விநாடி டைமரில் எடு. கேமரா தானாகச் செய்யும் லென்ஸ் திருத்தங்களையும் நிறுத்திவிடு.

எஃப் 1.8-இல் நான்கு மூலைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் மங்கினால், அந்த விலைக்கு அது இயல்புதான்; நான் அதைக் குறையாகவே எண்ணமாட்டேன். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கேமராவைத் தலைகீழாகப் பொருத்தி, கண்ணாடியால் மறுபடி நேர்படுத்தி இன்னொரு படம் எடு. மங்கல் சுவரின் அதே பக்கத்தில் நின்றால் கேமராவை நிறுத்தியதில் பிசகு. மறுபக்கத்துக்கு மாறினால் லென்ஸுக்குள் இருக்கும் ஏதோ ஒரு கண்ணாடி வில்லை மையம் விலகியிருக்கிறது.

கடலோர ஊரில் இருந்த லென்ஸ் என்கிறாய். டார்ச் அடித்து, உள்ளே நூல்நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு. விற்றவர் கொடுத்த கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கி வரும், அவற்றில் மூலைகளைப் பார்க்க முடியாது. அசல் கோப்புகளையே டிரைவில் ஏற்றிவிடு.

அன்புடன்,
அப்பா