சும்மா இருக்கும்போது விழுந்த கணினி: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் முடிந்த வாரத்தில் தொடங்கி ஆடிப்பெருக்கு கழியும்வரை என் வேலைக் கணினி என்னைப் படுத்திய பாட்டை உங்களில் ஒவ்வொருவரும் ஒரு துண்டு மட்டுமே அறிவீர்கள். தொலைபேசியில் தனித்தனியே நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலேயே நடந்ததால், யாருடைய உதவி எங்கே போய்ப் பொருந்தியது என்பதை எல்லோரும் அறியும்படி இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் எனக்கு ரைசன் 7 5800எக்ஸ் செயலி கொண்ட கணினி ஒரு குறையும் இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோக் கோப்பாக உருவாக்கும் வேலை) நேரத்தில் சில நிமிடங்களை மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசையில், ஒரே இரவில் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் புகுந்து மூன்று இடங்களில் கை வைத்தேன். ராமின் வேகத்தை 3600இலிருந்து 3800 ஆக்கி, அதற்கு இணையாக, செயலியின் உட்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கை 1800இலிருந்து 1900 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். செயலியின் வேக வரம்பைத் தளர்த்தும் பிபிஓ பகுதியில் உச்ச வேகத்தோடு 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டினேன். செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான கோர்களின் மின்னழுத்தத்தைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எட்டுக் கோருக்கும் ஒரே சீராக -25 என்று எழுதினேன். செயலியைக் கடுமையாக உழைக்க வைத்துச் சோதிக்கும் ப்ரைம்95 நிரலை எல்லாக் கோரிலும் இரவு முழுக்க ஓடவிட்டேன். விடியும்வரை ஒரு பிழையும் இல்லை. ஓவர்கிளாக், அதாவது நான் ஏற்றிய கூடுதல் வேகம், நிலைத்துவிட்டது என்று நம்பினேன்.

மறுநாள் நான்கு மணி நேர ரெண்டர் ஒன்றைச் செவ்வனே முடித்துக் கோப்பையும் சேமித்த பிறகு, நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், திரையில் எதுவும் ஓடாதபோது, கணினி தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. நீலத் திரைகூட வரவில்லை. அதன் பிறகு பில் தட்டச்சு செய்யும்போது ஒருமுறை, வெறுமனே டெஸ்க்டாப் தெரிந்துகொண்டிருக்கும்போது இருமுறை என்று தொடர்ந்தது. சில நாள் அடுத்தடுத்து விழும்; சில நேரம் மூன்று நாள் அமைதியாக இருந்து ஆறுதல் காட்டும்.

வீட்டு மின்சாரத்தின் மேல்தான் என் முதல் சந்தேகம் போனது. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மல்டிமீட்டரோடு வந்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 11 வோல்ட் நிற்பதைக் காட்டினார். எர்த் குழியைத் தோண்டிப் புதுக் கம்பி இறக்கி, அதை 2 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவந்த பிறகே போனார். கணினி விழுந்ததற்கு அது காரணமில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்று ஏறும் அந்த அதிர்ச்சியை இரண்டு வருடமாக நாங்கள் பழக்கமாக்கி வைத்திருந்தோம், அது ஒழிந்தது. அதற்காகவே அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்து, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். சென்னை ரிச்சி தெருவில் எனக்கு வழக்கமாகப் பொருள் கொடுக்கும் கடைக்காரர், முன்பணம் கேட்காமல் 750 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஆம்னி பஸ்ஸில் பார்சலாக ஏற்றி அனுப்பினார். ‘மாட்டிப் பாருங்க, சரியாகலைன்னா திருப்பி அனுப்புங்க, சரியாச்சுன்னா காசு அனுப்புங்க’ என்று அவர் சொன்னது, இந்தக் காலத்தில் ஒரு வியாபாரி சொல்லக் கேட்பது அரிது. அதை மாட்டிய மறுநாளே கணினி மறுபடி விழுந்தது. பொருள் தேவைப்படாமல் போனாலும், புது எஸ்எம்பிஎஸ் வாங்கிக் காசை வீணாக்காமல் என்னைத் தடுத்தது அந்தப் பார்சல்தான்.

இந்தச் சிக்கலின் முடிச்சை அவிழ்த்தவர் பெங்களூரில் சிப் சோதனை வேலையில் இருக்கும் என் தங்கையின் கணவர். நான் வெப்பநிலை, வாட், வோல்ட் என்று அடுக்கிக்கொண்டே போனதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: ‘மச்சான், வேலை செய்யும்போது விழுதா, சும்மா இருக்கும்போது விழுதா?’ சும்மா இருக்கும்போதுதான் என்றேன். அப்படியானால் நான் செய்த சோதனை, பழுது இருக்கும் இடத்தைத் தொடவே இல்லை என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எட்டுக் கோரும் ஒருசேர உழைக்கும்போது செயலியின் 142 வாட் வரம்பை எல்லாக் கோரும் பங்கிட்டுக்கொள்வதால், என் கணினியில் ஒவ்வொன்றும் 4.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே ஓடுகிறது. கணினி ஓய்ந்திருப்பதாக நாம் நினைக்கும் நேரத்திலோ, விண்டோஸ் பின்னணியில் நொடிக்கு நொடி ஏதோ ஒரு சின்ன வேலையைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த வேலை ஒரே ஒரு கோருக்குப் போகிறது. அந்தக் கோர் தனியாக 4.85 கிகாஹெர்ட்ஸ் வரையிலும், நான் கூட்டிய 100ஐயும் சேர்த்தால் 4.95 வரையிலும் பாய்கிறது. கர்வ் ஆப்டிமைசரில் ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட்; ஆகவே -25 என்றால் 75 முதல் 125 மில்லிவோல்ட் வரை குறைத்திருக்கிறேன். மிக உயர்ந்த வேகத்துக்குப் பாயும் அந்தக் கணத்தில்தான் அந்தப் பற்றாக்குறை கோரைக் கவிழ்த்தது. போதாக்குறைக்கு, விண்டோஸ் இப்படிப்பட்ட வேலைகளைச் செயலியின் மிகச் சிறந்த கோருக்கே முதலில் கொடுக்கிறது. அந்தக் கோரோ தொழிற்சாலையிலேயே குறைந்த மின்னழுத்தத்துக்குப் பழக்கப்பட்டது. ஏற்கெனவே சிக்கனமாகக் குடும்பம் நடத்துபவரிடம் இன்னும் செலவைக் குறை என்றால் அவர் எதைக் குறைப்பார்?

அதற்குச் சான்றும் என் கணினிக்குள்ளேயே இருந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் வீயா-லாகர் பதிவுகளைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் 18ஆம் எண் பதிவு ஒன்று இருந்தது. அதில் கேஷ் ஹைரார்க்கி (செயலிக்குள் இருக்கும் அதிவேக நினைவகம்) பிழை என்றும், பிழை நேர்ந்த இடத்தைச் சுட்டும் ஏபிக் ஐடி 4, 5 அல்லது 10 என்றும் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு கோருக்கு இரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணி இழை) என்பதால் அந்த எண்ணை இரண்டால் வகுத்தால், பூஜ்யத்திலிருந்து எண்ணும் கணக்கில், 2ஆம் கோரும் 5ஆம் கோரும் அகப்பட்டன. ரைசன் மாஸ்டர் மென்பொருள் சிறந்த கோர்கள் என்று குறியிட்டுக் காட்டியதும் அதே இரண்டுதான்.

அவற்றுக்கு நடுவே 19ஆம் எண் பதிவுகளும் டஜன் கணக்கில் கிடந்தன. அவை தாமே திருத்திக்கொண்ட பஸ் (செயலியின் உட்பகுதிகளுக்கு இடையே தகவல் செல்லும் பாதை) பிழைகள். கணினியை அணைப்பதில்லை, ஆனால் பார்ப்பவரைக் குழப்புகின்றன. அவை ஃபேப்ரிக்கை 1900க்கு ஏற்றியதன் விளைவு. ஒரே இரவில் மூன்றை மாற்றியவனுக்கு இரண்டு நோய்கள் ஒன்றாகக் கலந்து காட்சி தந்தன. எனவே எல்லாவற்றையும் பழைய இயல்புநிலைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் ஓட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவா என்று உத்தரவிட்டார். மூன்று நாளும் ஒருமுறைகூட விழவில்லை. ராமை 3600இலும் ஃபேப்ரிக்கை 1800இலும் நிறுத்தி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓரிரவு ஓட்டியதில் பிழை இல்லை. 19ஆம் எண்ணும் மறைந்தது. எஞ்சியது கர்வ் மட்டுமே.

அந்தக் கடைசிக் கட்டத்தைத் தோளில் சுமந்தவர் பாலிடெக்னிக்கில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரை மட்டும் சோதிக்கும் கோர்சைக்கிளரை நிறுவித் தந்தவர் அவரே. ஏவிஎக்ஸ் என்னும் கனமான கணக்கு முறை சூட்டைக் கிளப்பி வேகத்தைத் தாழ்த்திவிடும் என்பதால், இலகுவான எஸ்எஸ்இ முறையில்தான் கோர் உச்ச வேகத்தைத் தொடும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். கோருக்கு ஒரு மணி நேரம் வீதம் எட்டு மணி நேரம், தொடர்ந்து ஒன்பது இரவுகள் ஓட்டினோம். தினமும் காலையில் கல்லூரிக்குப் புறப்படுமுன் வந்து எந்தக் கோர் எத்தனையாவது நிமிடத்தில் தவறியது என்று நோட்டில் கோடு போட்டு எழுதினார். 2ஆம் கோர் -25இல் 40 விநாடிகூடத் தாங்கவில்லை, -15இல் 12 நிமிடம், -10இல் முதல் சுற்றைத் தாண்டி இரண்டாம் சுற்றில் விழுந்தது, -6இல்தான் பிழையின்றி நிலைத்தது. 3ஆம் கோரும் 6ஆம் கோரும் -25ஐச் சிரித்துக்கொண்டே சுமந்தன. எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்த என் சோம்பேறித்தனம் அந்த நோட்டில் பக்கம் பக்கமாகத் தெரிகிறது.

கோர்சைக்கிளருக்குள் இருந்து உழைப்பதும் ப்ரைம்95தான் என்பதால், மெர்சென் பகா எண்கள் எனப்படும் தனி வகைப் பகா எண்களைத் தேடுவதற்காக 1996இல் ஜிம்ப்ஸ் திட்டத்தைத் தொடங்கி அந்த நிரலை இலவசமாகக் கொடுத்த ஜார்ஜ் வோல்ட்மனுக்கும் நான் கடன்பட்டவன். தன் கணக்கைத் தானே சரிபார்த்து, முழுமையாக்கப் பிழை (தசமத்தை முழு எண்ணாக்கும்போது வரும் வேறுபாடு) 0.5 வந்திருக்கிறது, 0.4க்குள் இருக்க வேண்டும் என்று அது சொன்னதால்தான், கணினி விழுவதற்கு முன்பே கோர் தடுமாறுவதை எங்களால் பிடிக்க முடிந்தது.

ஆனி மாதத்துக் கல்யாண வீடியோக்களுக்காகக் காத்திருந்த மூன்று குடும்பத்தாருக்கும் என் வணக்கம். ஆடியில் புது முகூர்த்தம் இல்லாததால் எனக்குக் கிடைத்த அவகாசம் உங்கள் பொறுமையில் கிடைத்தது. இத்தனை பாடுபட்டு நான்கு மணி நேர ரெண்டரில் மிச்சமானது சுமார் பத்து நிமிடம் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கடைக்காரருக்கு எஸ்எம்பிஎஸ் அதே பெட்டியில் போன வாரம் வந்து சேர்ந்திருக்கும். தம்பியின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளவும். உச்ச வேகத்தோடு கூட்டிய 100ஐ எடுத்துவிட்டேன். இறுதி எண்களை 0ஆம் கோரிலிருந்து வரிசையாக அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: -20, -22, -6, -25, -20, -10, -25, -18. இம்மடலை எழுதும் இன்றோடு 41 நாளாக 18ஆம் எண் பதிவு ஒன்றும் வரவில்லை.

நன்றியுடன்,
திண்டுக்கல்லிலிருந்து உங்கள் வீடியோ எடிட்டர்