சேன்-பியேருக்கு அரை நாள் போதாது, மாமா

அன்புள்ள மாமா,

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் ஒரு வாரம். அதில் பெரும்பகுதி கடற்கரைக்கு, ஒரு முழு நாள் தலைநகர் ஃபோர்-த-ஃபிரான்ஸ் கடைவீதிக்கு, சேன்-பியேருக்கு மட்டும் ஒரே ஒரு காலைப்பொழுது! "எரிமலையில அழிஞ்ச ஊர்தானே, அந்தச் சிறையைப் பாத்துட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்" என்று அத்தையிடம் சொன்னீர்களாமே. காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர் சொல்லக்கூடிய பேச்சா இது? வாட்ஸ்அப்பில் திட்டினால் படிக்காமல் விட்டுவிடுவீர்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன். பாரிசில் இருக்கும் நம் புதுச்சேரிக் குடும்பங்களில் பலரும் இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

முதலில் போகும் வழி. ஃபோர்-த-ஃபிரான்சிலிருந்து வடக்கே கடலோரமாகவே சாலை போகும், சுமார் 30 கிலோமீட்டர். லெ கார்பே தாண்டி ஒரு சிறிய குகைப்பாதை வரும். அதைக் கடந்ததும் வளைகுடாவும் ஊரும் பின்னால் அந்த எரிமலையான பெலே மலையும் ஒன்றாகத் தெரியும். 1,397 மீட்டர் உயரமான மலை. உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும், அதிகாலையில்தான் கொஞ்ச நேரம் முகம் காட்டும். அங்கே இரவு தங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே ஒரு காரணம். பத்து மணிக்கு வந்து இறங்குகிற சுற்றுலாக் கூட்டம் பார்ப்பது வெறும் மேகத்தை.

வழிகாட்டிகள் எல்லோரும் 1902-இல் தொடங்குவார்கள். நீங்கள் அப்படித் தொடங்காதீர்கள். அந்த ஊரின் கதையை மூன்று மே மாதங்களாகப் பிரித்துக்கொண்டால்தான் பார்ப்பது விளங்கும்.

1635-இல் பெலேன் தெஸ்னம்புக் என்பவர் பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவந்து குடியேறிய இடம் சேன்-பியேர். அதன்பின் இருநூறு ஆண்டுக்கு மேல் சர்க்கரையும் ரம்மும் அங்கிருந்துதான் கப்பல் ஏறின. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் அங்கேதான் இறக்கப்பட்டார்கள். ஊர் செழித்தபோது நாடக அரங்கம், தாவரவியல் பூங்கா, குதிரை இழுக்கும் டிராம், மின்விளக்கு எல்லாம் வந்தன. "அண்டிலீஸ் தீவுகளின் குட்டி பாரிஸ்" என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பலகைக்குப் பலகை அதை எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டத்தைக் கண்டாலே எரிச்சல். எந்தப் பணத்தில் வந்த பாரிஸ் என்று எந்தப் பலகையும் முதல் வரியில் சொல்வதில்லை.

முதல் மே, 1848. அடிமை முறையை ஒழிக்கும் ஆணையில் ஏப்ரல் 27 அன்றே பாரிசில் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் அந்தக் காகிதம் கப்பலில் வரவேண்டும், வந்த பிறகும் இரண்டு மாத அவகாசம். இதற்கிடையில் ஒரு தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு துருவும் இடத்தில் பறையடித்தார் என்று ரொமேன் என்ற அடிமையைப் பிடித்து சேன்-பியேர் சிறையில் போட்டார்கள். வேலைக்குத் தாளம் போடுவது அங்கே காலங்காலமாக உள்ள வழக்கம். ஜனம் திரண்டது, மே 22 அன்று ஊரே கொந்தளித்தது. மறுநாளே ஆளுநர் ரொஸ்தோலான் ஒழிப்பை அறிவித்துவிட்டார். ஆணையோடு வந்த அதிகாரி கரையிறங்கியது ஜூன் மாதம், அதற்குள் வேலை முடிந்துவிட்டிருந்தது. பாரிஸ் கொடுத்த விடுதலை என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே மாமா, அந்தப் பாடம் இங்கே செல்லாது. மே 22 இன்றும் தீவு முழுக்க அரசு விடுமுறை.

இரண்டாவது மே, 1853. இதற்காகத்தான் உங்கள் மேல் கோபம். அடிமைகள் தோட்டத்தை விட்டுப் போனதும் கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. கண்ணில் பட்டது நம் கடற்கரை. புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 'ஒரேலி' என்ற பாய்மரக் கப்பல், ஆப்பிரிக்கத் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வந்து, மே 6 அன்று சேன்-பியேர் துறையில் 300-க்கும் மேற்பட்டவர்களை இறக்கியது. சூயஸ் கால்வாய் அப்போது ஏது? அதன்பின் சுமார் முப்பது ஆண்டுகள், உங்கள் காரைக்கால் துறையிலிருந்தும் சேர்த்து, ஏறத்தாழ 25,500 பேர் அந்தத் தீவுக்குப் போனார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல் என்பது காகிதத்தில் இருந்த பேச்சு. திரும்பாதவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று தீவின் வடக்கே இருக்கிறார்கள்.

நீங்கள் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மணல், எரிமலை மணல். மதியத்தில் கால் வைக்க முடியாது.

மூன்றாவது மே, 1902. எரிமலை வெடித்தது உங்களுக்கே தெரியும். ஆனால் தெரிந்த கதையில் ஓட்டைகள் நிறைய. ஏப்ரலிலிருந்தே மலை புகைந்துகொண்டிருந்தது. சாம்பல் விழுந்தது. மே 5 அன்று வெந்நீரும் சேறுமாகப் பெருக்கெடுத்து கெரேன் சர்க்கரை ஆலையைப் புதைத்தது, உள்ளே இருந்தவர்களோடு. அப்போதும் ஊர் காலியாகவில்லை, சுற்றுப்புறக் கிராமத்துக்காரர்கள் பயந்துபோய் ஊருக்குள்தான் வந்தார்கள். தேர்தலின் இரண்டாம் சுற்று மே 11-இல் இருந்ததால் ஆளுநர் மூத்தே ஜனங்களை வெளியே விடவில்லை என்று சொல்வார்கள். நான் அதை அப்படியே நம்பவில்லை. ஆபத்து என்று தெரிந்தவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து தங்குவாரா? இருவரும் அங்கேதான் இறந்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்துப் பயந்தது எரிகுழம்பை. அது வந்தால் ஊருக்கும் மலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்குகளில் இறங்கிப் போய்விடும் என்று கணக்குப் போட்டார்கள். வந்தது வேறு.

மே 8, வியாழன், விண்ணேற்றத் திருநாள். காலை எட்டு மணி தாண்டிய சில நிமிடங்களில் மலையின் பக்கவாட்டிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் தரையோடு தரையாக உருண்டு வந்தது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில். பள்ளத்தாக்கு அதற்கு ஒரு பொருட்டா? சுமார் 28,000 பேர், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். துறையில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின. அவற்றில் ஒன்றான ரொரைமா இன்னும் வளைகுடாவின் அடியில்தான் கிடக்கிறது, முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். இந்த வகை வெடிப்பை அறிவியல் சரியாகப் படிக்க ஆரம்பித்ததே இதற்குப் பிறகுதான். அல்ஃபிரெட் லாக்ருவா என்ற பிரெஞ்சுப் புவியியலாளர் வந்து மாதக்கணக்கில் ஆராய்ந்தார்.

இப்போது உங்கள் சிறைக்கு வருகிறேன். நாடக அரங்கின் இடிபாட்டில் ஏறினால் அது கீழே பக்கத்திலேயே தெரியும். பொர்தோ அரங்கைப் பார்த்து 1786-இல் கட்டிய அரங்கம். இருபுறமும் வளைந்து ஏறும் படிக்கட்டு மட்டும் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. மேலே போனால் கூரை இல்லை, மேடை இருந்த இடத்தில் புல். அங்கிருந்து இறங்கி அந்தச் சிறையறைக்குப் போங்கள். தடித்த கல்சுவர், வளைந்த கல்கூரை, குனிந்து நுழையும் வாசல், காற்றுக்கென்று வாசலுக்கு மேலே ஒரு துளி திறப்பு. வாசல் மலையைப் பார்க்காமல் மறுபுறம் திரும்பியிருக்கிறது. அன்று உள்ளே அடைபட்டிருந்த கைதி சிப்பாரிஸ் பிழைத்ததற்கு அதுதான் காரணம். தீக்காயங்களோடு நாள்கணக்கில் உள்ளே கிடந்தவரை வெளியே எடுத்தார்கள். பிறகு பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் அவரை ஊர் ஊராகக் காட்டிச் சம்பாதித்தது. ஊரில் பிழைத்த ஒரே மனிதர் என்று விளம்பரம் செய்தார்கள். அது பொய். ஊரின் ஓரத்தில் இருந்த செருப்புத் தைக்கும் லெயோன் கோம்பேர்-லெயாந்தரும் பிழைத்தார். அவருக்குச் சர்க்கஸ் கிடைக்கவில்லை, அதனால் கூட்டமும் கிடைக்கவில்லை.

சிறையறையில் ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தை நினைவு அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். ஃபிராங்க் பெரே என்ற அமெரிக்க எரிமலை ஆய்வாளர் 1933-இல் தொடங்கியது, 2019-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். உள்ளே தேவாலயத்து மணி ஒன்று இருக்கிறது. வெண்கல மணி, சூட்டிலும் அடியிலும் ஒரு பக்கம் அமுங்கி வாய் கோணிக் கிடக்கிறது. உருகி ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிப் பொருள்களும் உண்டு. சுவர் முழுக்க இறந்தவர்களின் பெயர்கள், சுமார் 7,000. மீதி இருபதாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பெயர் கூடக் கிடைக்கவில்லை. நான் அந்தச் சுவரில் நம் பக்கத்துப் பெயர்களைத் தேடிக்கொண்டே போனேன். என்ன கிடைத்தது என்று இங்கே சொல்லமாட்டேன், நீங்களே போய்த் தேடுங்கள்.

ஊர் செத்துப்போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். 1910-இல் சேன்-பியேர் என்ற ஊராட்சியையே ரத்துசெய்து கார்பேயோடு இணைத்தார்கள். ஜனம் திரும்பி வந்து வீடு கட்டியதால் 1923-இல் மறுபடி கொடுத்தார்கள். இன்று சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். விக்டர் ஹ்யூகோ தெருவில் நடந்தால் கீழ்ப்பாதி கருகிய பழைய கல்லும் மேல்பாதி புதிய சிமெண்டுமாக வீடுகள் நிற்கும், மாடியில் துணி காயும். எனக்கு அந்த ஊரில் பிடித்ததே இந்தச் சுவர்கள்தான். படம் எடுக்கும்போது வீட்டுக்காரரிடம் ஒரு 'போன்ழூர்' சொல்லிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் முகம் சுளிப்பார்கள்.

ஊருக்கு மேலே தெப்பாஸ் ரம் ஆலை இருக்கிறது. விக்தோர் தெப்பாஸ் படிப்புக்காக பிரான்சில் இருந்ததால் தப்பினார், குடும்பம் மொத்தமும் போய்விட்டது. திரும்பி வந்து 1917-இல் ஆலையை மறுபடி ஓட்டினார். கரும்புச் சாற்றிலிருந்தே காய்ச்சுகிற ரம், வெல்லப்பாகிலிருந்து அல்ல. அத்தை கூட வருவதால் இதற்கு மேல் எழுதவில்லை.

மதியம் 'கொலொம்போ' என்கிற அந்த ஊர் மசாலாக் குழம்பைக் கேளுங்கள், ஆட்டிறைச்சியில். மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள், வெந்தயம் எல்லாம் இருக்கும், காரம் மட்டும் இருக்காது. அம்மா காய்ச்சல்காரருக்கு வைக்கிற குழம்பு மாதிரி. பச்சை மிளகாய் தனியாகத் தருவார்கள், ஆனால் அது அந்த ஊர் மிளகாய், உங்கள் வீரத்தைக் காட்டாதீர்கள்.

மறுநாள் கார் எடுத்து மோர்ன்-ரூஜ் வழியாக மலையின் மறுபக்கம் பாஸ்-புவந்த் போங்கள். கவிஞர் எமே செசேர் பிறந்த ஊர். அங்கே கரும்புத் தோட்டத்தை ஒட்டி நம்மவர்கள் எழுப்பிய கோயில் இருக்கிறது. மாரியம்மனும் மதுரைவீரனும் அங்கே மாரியெமென், மால்தெவிதான். ஆட்டுப்பலி உண்டு, தப்பு அடிப்பார்கள், தமிழ்ப் பாட்டை மனப்பாடமாகப் பாடுவார்கள். வீட்டில் பேசுவது கிரியோல் என்ற தீவு மொழிதான். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாகூர் ஆண்டவருக்கும் அவர்கள் வழிபாட்டில் இடம் உண்டு, நகுமிலா என்கிறார்கள். காரைக்காலிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகிற தர்கா, மாமா!

டிக்கெட்டை மே மூன்றாம் வாரத்துக்கு மாற்றுங்கள். பெரிய மழை அதற்குப் பிறகுதான் பிடிக்கும். 22-ஆம் தேதி கடை எதுவும் இருக்காது, முந்தின நாளே தண்ணீரும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று பேருந்தை நம்பாதீர்கள். வாடகைக் கார் சின்னதாகப் பார்த்து எடுங்கள், அந்தத் தெருக்களில் பெரிய வண்டியைத் திருப்ப உங்களால் ஆகாது. அறைக்கு இப்போதே எழுதிவிடுங்கள், ஊரில் தங்குமிடம் கொஞ்சம்தான். இரண்டு இரவுக்குக் குறையாமல்.

உங்கள் மருமகள்