புழுதி தின்று துணை வந்த லாரிக்கார அண்ணனுக்கு

நமீபியாவின் ட்வைஃபெல்ஃபொன்டைனில், பாறைகளில் செதுக்கிய 2,000க்கும் மேற்பட்ட உருவங்களைப் பார்த்துவிட்டு நானும் என் கணவரும் கோரிக்சாஸ் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதங்களில் விரல் முளைத்த அந்தச் சிங்க உருவத்தைப் பற்றியே பேசி வந்ததில் கூர்க்கல்லைக் கவனிக்கவில்லை. டயர் கிழிந்தது. ஜாக்கி மணலில் புதைந்தது. பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் கை காட்டும் முன்பே லாரியை நிறுத்தினீர்கள். ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்து டயரை மாற்றினீர்கள். எல்லா டயர்களிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினீர்கள். (சரளைச் சாலையில் தார்ச்சாலைக் காற்றோடு ஓட்டிய எங்கள் அறிவை என்னவென்பது!) வறண்ட ஆற்றுப்படுகையைக் காட்டி, யானைகள் வரும் வழி என்று சைகையால் சொன்னீர்கள். நீட்டிய பணத்தை என் கணவரின் உள்ளங்கையிலேயே மடக்கிவிட்டுச் சிரித்தீர்கள்.

அத்தோடு போயிருக்கலாம். கோரிக்சாஸ் வரை எங்கள் புழுதியை விழுங்கியபடி பின்னாலேயே வந்தீர்கள். ஊர் விளக்குகள் தெரிந்ததும் இருமுறை ஹாரன் அடித்து, வந்த வழியே திரும்பினீர்கள். கோரிக்சாஸ் பக்கம் நீங்கள் போகவேண்டிய திசையே அல்ல என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

பெயர்கூடக் கேட்கவில்லை, அண்ணா. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, முன்கண்ணாடியில் மர யானை தொங்கும் நீல லாரியைக் கண்டால், எங்கள் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.